துணைக் கேள்விக்குத்தான் மார்க்

நாடாளுமன்றம் கூடியிருக்கும் நாட்களில் காலை 11 மணிக்கு மக்களவைக் கேள்வி நேரத்தையும், கடையில் கூட்டம் இல்லையென்றால் 12 மணிக்கு மாநிலங்களவையையும் சன்சத் டிவியில் பார்த்து, பதில் சொன்ன அமைச்சருக்கும் கேட்ட உறுப்பினருக்கும் பத்துக்கு இத்தனை என்று நோட்டில் மார்க் போட்டு வைக்கிறேன். பாம்பனில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் போடும் கடை என்னுடையது. படகு உரிமம் புதுப்பிக்க வருகிறவர்கள், தடைக்கால நிவாரணத்துக்கு வங்கிக் கணக்கு சரிபார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது அந்த நோட்டைப் புரட்டிவிட்டு "யாருக்கு தம்பி எவ்வளவு?" என்று கேட்டிருப்பார்கள். அவர்களுக்கு வாயால் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் எதற்கு மார்க் கிடையாது என்று சொல்லிவிடுகிறேன். சத்தத்துக்குக் கிடையாது. வாட்ஸ்அப்பில் வருகிற நாற்பது விநாடி வீடியோக்கள், பின்னால் சினிமா இசையோடு "டெல்லியைத் தெறிக்கவிட்டார்" என்று தலைப்பு போட்டவை, அவற்றில் பெரும்பாலானவை கேள்வி நேரமே கிடையாது, ஏதோ விவாதத்தில் பேசியது. விவாதத்தில் யாரும் எவ்வளவும் பேசலாம், யாரும் யாருக்கும் பதில் சொல்லியாக வேண்டியதில்லை. கேள்வி நேரம் அப்படி இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும்தான் ஓர் அமைச்சர் எழுந்து நின்று, தன் துறையைப் பற்றி, தனக்கு முன்கூட்டித் தெரியாத ஒரு கேள்விக்கு, எல்லார் முன்னிலையிலும் வாய் திறந்து பதில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் எனக்கு அது மேல் இவ்வளவு பிடிப்பு.

நடைமுறை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். உறுப்பினர் குறைந்தது 15 நாள் முன்னதாகக் கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும், வந்து குவிவதில் குலுக்கல் போட்டு எடுப்பார்கள். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள், அவற்றுக்கு வாய்மொழிப் பதில். நட்சத்திரம் இல்லாதவை 230 வரை, அவற்றுக்கு எழுத்தில் பதில். மாநிலங்களவையில் 15, 160. இருபது என்பது பட்டியலில்தான், ஒரு மணி நேரத்தில் ஐந்தாறைத் தாண்டுவதே பெரிய விஷயம். கேள்வி வந்ததும் அமைச்சர் எழுந்து, அறிக்கை அவையில் வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி சொல்லி உட்கார்ந்துவிடுவார். அந்த அறிக்கை அதிகாரிகள் எழுதியது. அதற்கு என்ன மார்க் போடுவது? அதற்கப்புறம் கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்வி உண்டு, பிறகு மற்ற உறுப்பினர்கள் ஆளுக்கு ஒன்று கேட்கலாம். அங்கேதான் பரீட்சை தொடங்குகிறது. அதிகாரிகள் மாடத்திலிருந்து துண்டுச் சீட்டு வரும், அமைச்சர் கோப்பைப் புரட்டுவார், கண் ஒரு பக்கம் வாய் ஒரு பக்கமாக இருக்கும். துறையைத் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்பது அந்த இரண்டு நிமிடத்தில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஆகவே என் நோட்டில் அமைச்சருக்குப் பத்தில் ஏழு மார்க் துணைக் கேள்விக்கு மட்டும். ஓர் எண்ணோ, ஒரு தேதியோ, யார் பொறுப்பு என்பதோ பதிலில் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்றாவது இல்லாத பதில் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான்கைத் தாண்டாது. மொழிக்கு மார்க் பிடிப்பதில்லை. இந்தியில் சொன்னாலும் தமிழில் கேட்டாலும் எனக்கு ஒன்றுதான், பிறகு எழுத்தில் படித்துக்கொள்கிறேன்.

கேட்கிறவருக்கும் அதே கண்டிப்பு வேண்டும். நம் ஊர்ப் பக்கம் எம்.பி.யைப் பற்றிப் பேசும்போது "நல்லா பேசுறாரு" என்கிறோம். துணைக் கேள்வி கேட்க எழுந்தவர் பேசவே கூடாது, கேட்க வேண்டும். தொகுதி மக்களுக்கு நன்றி, தலைவருக்கு நன்றி, அப்புறம் தன் மாவட்டத்தின் வரலாறு, கோயில், தியாகிகள், அதற்குள் சபாநாயகர் "கேள்வியைக் கேளுங்கள்" என்று இரண்டு முறை சொல்லியிருப்பார், கடைசியில் "அரசு இதைப் பரிசீலிக்குமா?" என்று முடிப்பார். பரிசீலிக்குமா என்று கேட்டால் பரிசீலிக்கும் என்றுதான் பதில் வரும். அந்தக் கேள்விக்கு நான் போடுவது ஒரு மார்க், வந்து உட்கார்ந்திருந்ததற்காக. ஆளுங்கட்சி உறுப்பினர் எழுந்து, அமைச்சரின் சாதனையை விளக்க முடியுமா என்று கேட்டால் அதுவும் கிடையாது. கட்சி எதுவானாலும் இதே அளவுகோல்தான்.

2025 மார்ச் 27 மாநிலங்களவைக் கேள்வி நேரத்தை எங்கள் பக்கத்தில் நிறைய பேர் பார்த்தார்கள், ஏனென்றால் மீனவர் விஷயம் வந்தது. அன்று நான் கடையில் இல்லை, வடகடல் பக்கம் வலை பின்னுகிற கொட்டகையில் இருந்தேன். ஏலமெல்லாம் முடிந்துபோயிருந்தது. ஐஸ் பெட்டி மேல் போனைச் சாய்த்து வைத்து நாலைந்து பேர் ஊசியும் கையுமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் பதில் சொன்னார். முந்தின நாள் நிலவரப்படி இலங்கைக் காவலில் 86 பேர், இன்று இன்னொரு படகு பிடிபட்டிருக்கிறது, அதில் 11 பேர், ஆக 97 என்றார். அவர்களில் 83 பேர் தண்டனை அனுபவிக்கிறவர்கள், 3 பேர் விசாரணைக்குக் காத்திருப்பவர்கள் என்றும் பிரித்துச் சொன்னார். ஊசி நின்றுவிட்டது. அன்று காலையில் நடந்ததை அன்றே மதியம் எண்ணோடு சொன்னதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. இலங்கையின் 1979, 1996 மீன்பிடிச் சட்டங்கள் 2018லும் 2023லும் திருத்தப்பட்டு தண்டனை கடுமையாகியிருப்பதையும், பிடிபட்டவர்களில் படகு உரிமையாளரோ ஓட்டியோ, இரண்டாம் முறை மாட்டியவரோ இருந்தால் விடுதலை சிக்கலாகிறது என்பதையும் சொன்னார். இதெல்லாம் எங்களுக்கு உண்மையில் பயன்படுகிற தகவல். எந்தச் சட்டத்தில் உள்ளே இருக்கிறான் என்று தெரியாமல் இங்கே எத்தனையோ குடும்பங்கள் வக்கீலுக்கும் தலைவருக்கும் பின்னால் அலைகின்றன.

அதே பதிலில் பிரச்சினையின் வேர் 1974லும் 1976லும் போட்ட இந்திய-இலங்கைக் கடல் எல்லை ஒப்பந்தங்களில் இருக்கிறது என்ற பகுதியும் வந்தது. அது வரலாறு, தவறில்லை. கச்சத்தீவு எல்லாருக்கும் தெரியும், கடலுக்குப் போகிறவனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் அந்தக் கொட்டகையில் இருந்த ஓர் அக்கா, தம்பி யாழ்ப்பாணத்துச் சிறையில் இருக்கிறவர், இறால் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தேதி எதுவும் சொன்னாரா?" சொல்லவில்லை. அப்புறம் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று நான் போட்டது ஏழு. எண்ணுக்கும் சட்டத்துக்கும் முழுசாகக் கொடுத்தேன், அந்த அக்கா கேட்டதற்காக மூன்றைப் பிடித்தேன். ஏழே அதிகம் என்று கொட்டகையில் சண்டைக்கு வந்தார்கள். இந்தத் துறையில் வழக்கமாக வருகிற எழுத்துப் பதில் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குக் காட்டினேன். மீனவர் பாதுகாப்புக்கும் நலனுக்கும் அரசு உச்சபட்ச முன்னுரிமை தருகிறது, தூதரக வழியில் தொடர்ந்து எடுத்துரைக்கப்படுகிறது, 2016ல் கூட்டுப் பணிக்குழு அமைக்கப்பட்டிருக்கிறது, இந்த மூன்று வாக்கியமும் வருடா வருடம் இடம் மாறாமல் வரும். அதோடு வைத்துப் பார்த்தால் அன்றைய பதில் நல்ல பதில்தான்.

என் நோட்டில் இருப்பதிலேயே பெரிய மார்க் நிதின் கட்கரிக்குப் போட்டது. 2024 டிசம்பர் 12, மக்களவை, சாலை விபத்து பற்றிய துணைக் கேள்விகள். விபத்தைப் பாதியாகக் குறைப்பேன் என்று பதவிக்கு வந்தபோது இலக்கு வைத்தேன், குறைவதிருக்கட்டும், கூடித்தான் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை என்றார். வெளிநாட்டு மாநாடுகளில் சாலை விபத்து பற்றிப் பேச்சு வந்தால் முகத்தை மறைத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். ஓர் அமைச்சர் தன் துறை தோற்ற இடத்தைத் தானே காட்டிக்கொடுத்தார். அதைச் சொன்னதால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை என்பதை மற்ற அமைச்சர்கள் கவனிக்க வேண்டும். ஒன்பது போட்டேன். எங்கள் பரமக்குடி-ராமநாதபுரம் சாலையை நான்கு வழியாக்க, 46.7 கிலோமீட்டருக்கு 1,853 கோடி என்று 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்தச் சாலையில் ராத்திரி மீன் வண்டி ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒப்புதல் வந்த தேதி வேண்டாம், முடியும் தேதி சொல்லுங்கள் என்பார்கள். இந்தத் திட்டத்தைப் பற்றி அவையில் கேள்வி வரும்போது அவருக்கு நான் சலுகை காட்டப் போவதில்லை.

ரயில்வே வேறு மாதிரி. அங்கே எண்ணுக்குப் பஞ்சமே இல்லை. தமிழ்நாட்டுக்கு 2009-14ல் ஆண்டுக்குச் சராசரி 879 கோடி, 2025-26ல் 6,626 கோடி, இந்த ஒப்பீட்டை ரயில்வே அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் பக்கமிருந்து நாம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டோம். எண் இருக்கிறதே, மார்க் போட வேண்டியதுதானே என்று கேட்கலாம். கேட்ட கேள்விக்கு அந்த எண் பதிலாக இருந்தால் போடுவேன். எங்கள் பழைய பாம்பன் பாலம் 1914ல் திறந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6ல்தான் திறந்தது. நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் மண்டபம் ஸ்டேஷனோடு ரயில் முடிந்துவிடும். பெட்டியும் பையுமாக இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துப் பாலம் ஏற வேண்டும். யாத்திரைக்கு வந்த வயசானவர்கள் அந்த வெயிலில் நின்றதை நாங்கள் தினமும் பார்த்தோம். அந்தக் காலத்தில் இந்தக் கரைக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு விஷயம்: எந்த மாதம் ரயில் விடுவீர்கள்? 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை புதுப் பாலத்தில் குறைகளைச் சுட்டிக்காட்டியது. எதையெல்லாம் சரி செய்தீர்கள், எது பாக்கி என்று வரி வரியாகக் கேட்க வேண்டிய நேரம் அது. மாநிலம் முழுமைக்குமான ஒதுக்கீட்டை வைத்து ஒரு பாலத்தைப் பற்றிய கேள்வியை மூடுவது, கடலில் காணாமல் போன வள்ளத்தைக் கேட்டால் துறைமுகத்தில் நிற்கிற படகையெல்லாம் எண்ணிக் காட்டுவது போல. அப்படிப்பட்ட பதிலுக்கு யார் சொன்னாலும் மூன்றுதான்.

2019 நவம்பர் 27 அன்று மக்களவையில் பட்டியலில் இருந்த 20 கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்பட்டன. 1972க்குப் பிறகு முதல் முறை என்று பெரிய செய்தியானது. அதைச் சாதனை என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அறுபது நிமிடத்தில் இருபது கேள்வி என்றால் ஒன்றுக்கு மூன்று நிமிடம். மூன்று நிமிடத்தில் எந்த அமைச்சரும் மாட்ட மாட்டார். ஐந்து கேள்வி வந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொன்றிலும் ஆறேழு பேர் துணைக் கேள்வி கேட்டு அமைச்சரை உட்கார விடாமல் நிறுத்தி வைத்தால் அதுதான் நல்ல நாள். மோசமான நாள் எது என்றால் 11.05க்கு அவை ஒத்திவைக்கப்படுகிற நாள்தான். எதிர்க்கட்சி பதாகையோடு மையப்பகுதிக்கு வரும், சபாநாயகர் மக்கள் பார்க்கிறார்கள் என்பார், பிறகு 12 மணி. அவர்கள் எழுப்புகிற பிரச்சினை பெரும்பாலும் நியாயமான பிரச்சினையாகத்தான் இருக்கும், விவாதத்துக்கு ஒத்துக்கொள்ளாத ஆளுங்கட்சிக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அன்று கேள்வி நேரம் போனதால் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர் பதில் சொல்ல வேண்டியிருந்த அமைச்சர் மட்டும்தான். 2020ல் கொரோனாவைக் காரணம் காட்டி மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள், எழுத்துப் பதில் மட்டும் தந்தார்கள். அப்போது எதிர்க்கட்சிகள் எவ்வளவு கோபப்பட்டன! அதே கேள்வி நேரத்தைத் தாங்களே ஒவ்வொரு நாளும் விட்டுக்கொடுப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

லண்டனில் புதன்கிழமை மதியம் 12க்குப் பிரதமர் கேள்வி நேரம், அரை மணி நேரம். நமக்கு அது கோடையில் மாலை 4.30, குளிர்காலத்தில் 5.30. கடையில் வேலை குறைந்திருந்தால் அதையும் பார்ப்பதுண்டு. எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு கேள்வி. ஆறையும் ஒரே விஷயத்தில் கேட்டு ஆளை மூலையில் நிறுத்துகிறவரும் உண்டு, ஆறு திசையில் சிதறடிக்கிறவரும் உண்டு. அங்கே கைதட்டலுக்குப் பேசுவது நம்மைவிட அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது, பாதி நேரம் பிரதமரே திரும்பி எதிர்க்கட்சியைக் கேள்வி கேட்கிறார். இருந்தாலும் நாட்டின் பிரதமர் வாரம் ஒருமுறை நேரில் நின்று பதில் சொல்கிறார். நம் பக்கம் பிரதமரிடம் உள்ள துறைகளுக்கு, அணுசக்தியோ விண்வெளியோ பணியாளர் துறையோ, இணையமைச்சர்தான் எழுந்து பதில் சொல்கிறார். இதை மாற்ற வேண்டும் என்று எந்தக் கட்சி சொன்னாலும் அன்றைக்கு அவர்களுக்குப் பத்துக்குப் பத்து.

பழைய கதை ஒன்றைச் சொன்னால்தான் துணைக் கேள்வியின் பலம் புரியும். 1957ல் எல்.ஐ.சி. பணம் முந்த்ரா என்ற ஒருவரின் கம்பெனிகளில் போடப்பட்டதா என்று கேட்டபோது மழுப்பலான பதில் வந்தது. பெரோஸ் காந்தி விடவில்லை. ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகன், ஆனாலும் பின்தொடர்ந்து தோண்டி டிசம்பரில் அவையில் எல்லாவற்றையும் விரித்துப் போட்டார். நீதிபதி சாக்ளா ஆணையம் வந்தது, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஒரு மழுப்பல் பதிலை அப்படியே விட்டுவிடாததால் நடந்தது அத்தனையும். இன்னொரு பக்கம், 2005ல் கேள்வி கேட்கப் பணம் வாங்கிய 11 உறுப்பினர்களை நீக்கினார்கள். கேள்விக்கு விலை இருக்கிறது என்பது வாங்க வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஓட்டுப் போட்ட நாம்தான் அதைப் பார்ப்பதே இல்லை.

எழுத்துப் பதில்களை நான் மார்க் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் கடையில் பிரிண்ட் எடுத்து மீனவர் சங்கத்துக்குக் கொடுக்கிறேன். அதில் விஷயம் கிடக்கிறது, தேடி எடுக்கத்தான் ஆள் இல்லை. இழுவைமடிப் படகுக்குப் பதிலாக ஆழ்கடல் படகு வாங்க மானியம் தருகிற ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2017ல் ராமேஸ்வரத்தில் பிரதமர் தொடங்கி வைத்தார். அப்போதைய கணக்குப்படி ஒரு படகு 80 லட்சம், மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, மீனவர் கையிலிருந்து 10. மூன்று வருஷத்தில் 2,000 படகு என்று இலக்கு. கரையில் நின்று பார்த்தாலே தெரியும், அந்த இலக்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு இங்கே எந்த ஓட்டியும் பத்து நிமிடத்தில் பதில் சொல்வார்: இழுவைமடி வலை ஓட்டியவனுக்குச் சூரை மீன் தூண்டில் பழக்கமில்லை, நாள் கணக்கில் கடலில் தங்க வேண்டும், டீசலுக்குக் கை முதல் வேண்டும், 80 லட்சத்தில் படகு முடிவதில்லை. இந்த நாலும் நாலு துணைக் கேள்வி. எங்கள் தொகுதிக்கு நவாஸ்கனி 2019லிருந்து எம்.பி.யாக இருக்கிறார். அவர் அலுவலகத்துக்கும், மற்ற கடலோரத் தொகுதி உறுப்பினர்களுக்கும் கரையிலிருந்து போக வேண்டியது இதுதான். பொன்னாடையும் மனுவும் ஏற்கெனவே போதுமான அளவு போகின்றன.

அதனால் அடுத்த கூட்டத்தொடருக்கு ஒரு கேள்வியை எழுதி, சங்கத்தில் இரண்டு மூத்தவர்களிடம் காட்டித் திருத்தி வைத்திருக்கிறேன். 15 நாள் கெடு இருப்பதால் கூட்டத்தொடர் தேதி அறிவித்ததுமே அனுப்பியாக வேண்டும். 2022 பிப்ரவரியில் இலங்கை மீன்வளத்துறை காரைநகர், கிராஞ்சி, தலைமன்னாரில் நம் படகுகளை ஏலம் விட்டதிலிருந்து இந்தக் கரையில் ஆறாமல் கிடக்கிற விஷயம் அது. வெளியுறவு அமைச்சருக்கு:

(அ) இலங்கையில் பிடித்து வைக்கப்பட்டிருக்கும் தமிழகப் படகுகள் இன்றைய தேதியில் எத்தனை, துறைமுக வாரியாக, பதிவு எண்ணோடு;

(ஆ) அவற்றில் அரசுடைமையாக்கப்பட்டவை எத்தனை, வழக்கு நிலுவையில் உள்ளவை எத்தனை, ஏலம் போனவை எத்தனை;

(இ) வழக்கு நிலுவையில் உள்ள படகுகளின் உரிமையாளர்கள் நீதிமன்றத்தில் ஆஜராக, தூதரகத்தில் அவர்கள் தொடர்புகொள்ள வேண்டிய அதிகாரி யார்?

எண்ணெல்லாம் அறிக்கையில் வந்துவிடும். துணைக் கேள்வியாக ஒன்றுதான்: (இ)யில் சொன்ன அதிகாரி கடைசியாக எந்தத் தேதியில் அந்தப் படகுகளைப் போய்ப் பார்த்தார்?